யூதர் இல்லத்துக் கோழிச்சாறு

வெள்ளிக்கிழமைதோறும் கதிரவன் மறைவதற்கு 18 நிமிடம் முன்னதாக விளக்கேற்றுதல், சமய ஒழுக்கம் வழுவாத யூத இல்லங்களின் வழக்கம். வெள்ளிக்கிழமை விளக்கு நமக்குப் புதியதன்று. ஆதலின் நம் காலனிக் குடும்பத்தினர் இக்காட்சியை எளிதில் மனக்கண்ணாற் காண இயலும். ஆயின் அவ்விளக்கு ஏறிய பின்னர் அவ்வில்லத்தில் அடுப்பு மூட்டலாகாது. மறுநாள் இரவு வானில் மூன்று விண்மீன்கள் தோன்றுமளவும் தீ மூட்டுதலும் சமைத்தலும் விலக்கப்பட்டவை. அன்றிரவு உண்பன யாவும் பொழுது சாய்வதற்கு முன்பே ஆக்கி வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த யூதரிடையே, ரொட்டியும் மீனும் உண்டபின் மேசைக்கு வருவது பொன்னிறமான கோழிச்சாறு. அவர்தம் இத்திஷ் மொழியில் அதனைக் 'கோல்டெனே யோய்ஹ்', அஃதாவது பொற்சாறு, என்று வழங்கினர்.

அச்சாற்றின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம். ஆண்டு மலரிலே கோயிற் சிற்பமும் சங்கப் பாடலும் பேசப்படும் இடத்தில் கோழிச்சாறு எதற்கு என்று வினவுவோர் உளராகலாம். சைவ உணவினரான அன்பர்கள் முகஞ்சுளிக்கவும் கூடும். அவர்கள் பொறுத்தருள வேண்டுகிறோம். ஒரே மண்ணில் ஊன்றி வாழும் மக்களின் வரலாற்றைக் கல்வெட்டிலே படிக்கலாம். ஊர்விட்டு ஊர் பெயர்ந்த மக்கள் கல்வெட்டைப் பெயர்த்துச் சுமந்து செல்ல இயலாது. அவர்கள் வீட்டுப் பெண்டிரின் கைப்பழக்கமே பெரும்பாலும் உடன் சென்றது. ஊரிலிருந்து வருவோரிடம் புளியும் மிளகாய் வற்றலும் சொல்லியனுப்பி இல்லறம் நடத்தும் நமக்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

முதற்கண் கோழியின் வரலாறு. எபிரேய வேதத்திலே ஆடும் மாடும் புறாவும் பலகாற் பேசப்படுகின்றன. கோழி ஐயமறப் பேசப்படும் இடம் அரிது. காரணம் எளிது. கோழி அந்நாட்டுப் பறவையன்று. தென்கிழக்காசியக் காடுகளில் திரிந்த செந்நிறக் காட்டுக்கோழியே வீட்டுக்கோழியின் மூதாதை. நெல்லும் தினையும் விளைந்த வயலோரங்களில் சிந்திய மணியைப் பொறுக்க வந்து, ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் அது மனிதரோடு பழகியது என்பது, தாய்லாந்தில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு 2022இல் அறிஞர் வெளியிட்ட முடிபு. அங்கிருந்து அது மெல்ல மெல்ல மேற்றிசை சென்றது. எபிரேய மொழியிற் சேவலைக் குறிக்கும் 'தர்னெகோல்' என்னும் சொல்லும் அம்மொழிக்கு உரியதன்று. அக்காதிய மொழியின் 'தர்லுகல்லு' என்பதன் திரிபு. அரசப் பறவை என்பது அதன் பொருள். விவிலியத்து மயிலுக்கு நம் 'தோகை' என்னும் சொல்லைத் தொடர்புபடுத்திக் கால்டுவெல் முதலியோர் எழுதியதைத் தமிழ்ச் சங்க மேடைகளில் நாம் கேட்டுக் கேட்டுச் செவி நிறைந்திருக்கிறோம்; ஆகவே மயிலை விடுத்துக் கோழியோடு நிற்போம்.

யூதநாட்டின் தென்பால் மரேஷா என்றொரு பழைய ஊர் உண்டு. அங்கே கிறித்துவுக்கு முந்திய நான்காம் நூற்றாண்டு முதல் இரண்டாம் நூற்றாண்டு வரையிலான மண்ணடுக்குகளில் கோழியெலும்புகள் பெருந்தொகையாகக் கிடைத்தன. கத்தி பட்ட தழும்பு அவற்றிற் காணப்பட்டது. அதற்கு முன் மேலை நாடுகளிற் கோழி சண்டைக்கும் காட்சிக்கும் உரியதாகவே பெரிதும் கருதப்பட்டது. அடுக்களைக்கு அது வந்து சேர்ந்தமைக்கு மரேஷா தெளிவான சான்று.

கோழிச்சாற்றுக்கு மருந்தென்னும் பெயரை வாங்கிக் கொடுத்தவர் மைமோனிடிஸ் என்று பலரும் கூறுவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் கார்டோபாவிற் பிறந்து, அங்கே யூதர்க்கு வாழ்வு அரிதாகவே நாடு பல கடந்து எகிப்தில் குடியேறி, 1204இல் மறைந்த பேரறிஞர் அவர். அவர்தம் வாழ்வில் இந்தியா ஒரு துயரமாக நுழைகிறது. அவருடைய இளவல் தாவீது மணி வாணிகர். அவருடைய பொருளீட்டலே குடும்பத்தைத் தாங்கியது. செங்கடற் கரையிலுள்ள ஐதாப் துறைமுகத்திலிருந்து, தாம் இந்தியாவுக்குக் கப்பலேறப் போவதாக அண்ணனுக்கு அவர் எழுதிய மடல் கெய்ரோவின் பழைய தொழுகைக் கூடத்துச் சுவடிக் குவியலில் இன்றும் எஞ்சியுள்ளது. இந்தியப் பெருங்கடலிற் கப்பல் மூழ்கத் தாவீது மாண்டார். குடும்பத்தின் பொருளும் மற்றவர் ஒப்படைத்த பொருளும் அவருடன் போயின. அத்துயரால் ஓராண்டளவு படுத்த படுக்கையாய்க் கிடந்ததாகப் பின்னாளில் மைமோனிடிஸே எழுதினார். அதன் பின்னரே மருத்துவம் அவர்க்கு வாழ்வுத் தொழிலாயிற்று. சலாதீன் சுல்தானின் அமைச்சர்க்கும் மைந்தர்க்கும் அவர் மருத்துவரானார்.

அவர் அரபு மொழியில் எழுதிய மருத்துவ நூல்களிற் கோழிச்சாறு மெலிந்தோர்க்கும் மூச்சிரைப்பு நோயினர்க்கும் ஏற்றதாகக் கூறப்படுகிறது. இது உண்மையே. ஆனால் கோழிச்சாற்று மருத்துவம் யூதர் கண்டதென்று இதனால் முடிவு கட்டுதல் பொருந்தாது. மைமோனிடிஸ் கிரேக்க மருத்துவராகிய காலனையும் அரபு மருத்துவ மேதைகளையும் அடியொற்றியே எழுதினார். அதனை அவர் மறைக்கவுமில்லை. மேலும், கெய்ரோவில் அவர் பருகியிருக்கக்கூடிய சாறும் போலந்து நாட்டுப் பொற்சாறும் ஒன்றல்ல. பின்னது வேறொரு வானிலையிலே, வேறொரு வறுமையிலே உருவாயிற்று. நம் கருத்தில் அதன் வரலாற்றுக்கு நூல்களைவிட நெய்யும் எண்ணெயும் கிடைத்த இடங்களையே நன்கு ஆராய வேண்டும்.

ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலிலே சமைத்தலாகாது என்னும் விலக்கு யூத வேதத்தில் மும்முறை வருகின்றது. அதனை விரித்துரைத்த ஆசான்மார், ஊனையும் பாலையும் ஒரே உணவிற் சேர்த்தல் கூடாது என்றனர். ஊனுக்கு ஒரு கலம், பாலுக்கு ஒரு கலம் என்று பாத்திரங்களும் பிரிந்தன. கோழிக்கு இது பொருந்துமா என்பது பற்றிப் பழங்காலத்தில் வாதம் நிகழ்ந்தது. பறவைக்குத் தாய்ப்பால் ஏது, ஆகவே அது விலக்கில் அடங்காது என்றார் கலிலேயா நாட்டு யோசே என்னும் ஆசான். அவருடைய ஊரார் கோழியைப் பாலோடு உண்டும் வந்தனர். ஆனால் அவர் கொள்கை நிலைபெறவில்லை. நிலைபெற்றிருப்பின் யூதரின் கோழிச்சாறு வெண்ணெய் மிதக்கும் சாறாக இருந்திருக்கும். பெருஞ்சமையல் முறைகளும் சில வேளை ஒரு வாதத்தின் வெற்றி தோல்வியால் அமைகின்றன.

மத்தியதரைக் கடலோரத்து யூதர்க்கு இவ்விலக்கால் இடர் மிகுதியில்லை. ஒலிவ எண்ணெய் அங்கே ஆறாய் ஓடியது. ரைன் ஆற்றங்கரையிலும், பின்னர்ப் போலந்து, லித்துவேனியா முதலிய குளிர்நாடுகளிலும் குடியேறிய அஷ்கெனாசி யூதர்க்கோ ஒலிவமரம் கண்ணுக்கும் எட்டாதது. அந்நாட்டார் பன்றிக் கொழுப்பிற் சமைத்தனர். அது யூதர்க்கு ஆகாது. வெண்ணெய் உண்டு; அதனை ஊனோடு சேர்க்கலாகாது. எஞ்சியது வாத்துக் கொழுப்பும் கோழிக் கொழுப்புமே. 'ஷ்மால்ட்ஸ்' எனப்படும் அக்கொழுப்பே அவர்க்கு நெய்யாயிற்று. சாற்றின் மேல் மிதக்கும் பொன்வட்டங்களை அவர்கள் கண்கள் என்று அழைத்தனர். கண்கள் மிகுந்த சாறு வளமான இல்லத்தின் அடையாளம்.

எதிரான ஒரு காட்சியை நாம் வாழும் இம்மும்பைக்கு அருகிலேயே காணலாம். கொங்கணக் கரையில் அலிபாகைச் சூழ்ந்த சிற்றூர்களில் நெடுங்காலம் வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் செக்காட்டும் தொழிலினர். சனிக்கிழமை செக்கை நிறுத்தியமையால் அயலார் அவர்களைச் 'சனிவார் தேலி', சனிக்கிழமை வாணியர், என்று அழைத்தனர். எண்ணெய்க்கு ஏங்கிக் கோழிக் கொழுப்பை உருக்கிய யூதரும், பிறர்க்கெல்லாம் எண்ணெய் ஆட்டி விற்ற யூதரும் ஒரே வேதத்தின் ஒரே விலக்கைக் காத்தவர்களே. இவர்களைப் பற்றிப் பின்னும் கூறுவோம்.

இனிப் போலந்து நாட்டுச் சிற்றூர் ஒன்றின் வியாழன், வெள்ளிக்கிழமைகளைப் பார்ப்போம். 1791இல் ருஷ்யப் பேரரசி காதரீன் வகுத்த எல்லைக்குள்ளேயே யூதர் வாழ வேண்டும் என்னும் சட்டம் 1917 வரை பற்பல வடிவில் நீடித்தது. அவ்வெல்லைக்குட்பட்ட ஊர்களில் வறுமை மிகுதி. கிழமை முழுதும் கருப்பு ரொட்டியும் உருளைக்கிழங்கும் வெங்காயமுமே உண்ட குடும்பங்கள், ஓய்வுநாளுக்கென ஒரு கோழி வாங்கக் காசு சேர்த்தன. ஏழை யூதன் கோழி உண்கிறான் என்றால் இருவரில் ஒருவர் நோயாளி. ஒன்று அவன், அன்றேல் கோழி என்பது அவர்களே தம்மை நகைத்துக்கொண்ட பழமொழி.

சந்தையில் இல்லத்தரசி பெட்டைக் கோழியின் மார்பிறகை ஊதி விலக்கித் தோலின் மஞ்சள் நிறத்தைப் பார்ப்பாள். வாங்கிய கோழியைத் தானே அறுத்தலாகாது; அதற்கெனப் பயின்று உரிமை பெற்றவனிடம் கொண்டுசெல்ல வேண்டும். அவன் தன் கத்தியின் கூரை நகத்திலும் விரலிலும் தடவிப் பார்த்து, மயிரிழைப் பிளவும் இல்லையென்று தேர்ந்த பின்னரே அறுப்பான். குருதியை உண்ணல் பெருங்குற்றமாதலின், இறகு பறிக்க வெந்நீரில் முக்குவதும் இல்லை. வெந்நீர் குருதியை ஊனிற் பதித்துவிடும். உலர்ந்தபடியே இறகு பறித்து, அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, சாய்ந்த பலகையிற் கிடத்திப் பருவெட்டான உப்பை உள்ளும் புறமும் அப்பி ஒரு மணி நேரம் விடுவர். உப்பு உறிஞ்சிய குருதி பலகை வழியே வடியும். பின்பு மும்முறை கழுவுவர். ஈரலுக்கு உப்பு மட்டும் போதாது. அதனைத் தீயில் நேரே வாட்டியாக வேண்டும். ஆதலின் ஈரல் ஒருபோதும் சாற்றுப் பானைக்குள் புகுவதில்லை.

சிலவேளை, கோழியின் வயிற்றைத் திறந்தவுடன் இரைப்பையில் ஓர் ஊசியோ ஆணியோ குத்தி நிற்கக் காண்பாள். அல்லது குடலில் ஏதோ ஒரு கட்டு. அக்கோழி உண்ணத் தக்கதா, அன்றா? அதனை அப்படியே துணியிற் சுற்றிக்கொண்டு ஊர் ஆசானாகிய ரபியின் வீட்டுக்கு ஓடுவாள். வெள்ளி நண்பகல் கடந்துவிட்டது, கையிற் காசில்லை, ரபி ஆகாது என்று சொல்லிவிட்டால் அக்கிழமைக்கு அவ்வீட்டில் சாறு இல்லை. சட்டநூல் அறிந்தவன் கடுமையாகத் தீர்ப்புக் கூறுதல் எளிது என்று நாம் நினைக்கலாம். ஆனால் 1572இல் கிராக்கவ் நகரில் மறைந்த மோசே இசர்லெஸ், அஷ்கெனாசி யூதர் இன்றும் பின்பற்றும் சட்ட உரையை வகுத்தவர், இவ்விடத்தே ஒரு நெறி காட்டியிருந்தார். வேதத்தின் நேர்விலக்கு அல்லாத இடங்களில், பேரிழப்பு நேருமாயினும், கேட்பவர் ஏழையாயினும், ஓய்வுநாளின் மாண்பு கருதியும் இளக்கம் காட்டலாம் என்பது அது. அதனால் ரபி கோழியை மட்டும் பார்ப்பதில்லை, கொண்டுவந்தவளையும் பார்ப்பார். இந்த ஓர் ஒழுக்கத்துக்காகவே இசர்லெஸைப் போற்றலாம்.

சாறு வைக்கும் முறையைச் சற்று விரிவாகவே கூறுவோம். நம் இல்லங்களில் ஊன் சமைப்போர் முயன்று பார்க்கலாம். முட்டையிட்டு ஓய்ந்த முதிய பெட்டையே இதற்கு ஏற்றது. ஆறேழு கிழமையில் வளர்த்து விற்கப்படும் இக்காலத்துப் பிராய்லர் கோழி மெத்தென்று வெந்துவிடும். சாற்றில் இறங்குவதற்கு அதனிடம் ஒன்றும் இராது. கழுத்து, சிறகு, இரைப்பை, கால்கள் ஆகிய யாவும் பானைக்கு வேண்டும். கால்களை வெந்நீர் ஊற்றியோ தீயில் வாட்டியோ மேற்றோலை உரித்து நகங்களைக் களைந்து இடுவர். கடைக்காரர் எறிந்துவிடும் அக்கால்களே சாற்றுக்குத் திண்மை தருவன. ஆறியபின் சாறு பாகுபோல் உறைந்து நிற்பது அவற்றால்தான்.

தண்ணீர் குளிர்ந்ததாக இருத்தல் வேண்டும். கோழியை மூழ்கடித்து இரண்டு விரற்கடை மேல் நிற்குமளவு ஊற்றி, மெல்லிய தீயில் ஏற்றுவர். சாம்பல் நிற நுரை எழும்பத் தொடங்கியதும் அகப்பையால் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நுரை அடங்கிய பின்னரே காய்கள் சேரும். வெங்காயத்தைத் தோலோடு முழுதாக இடுவர். அத்தோலின் நிறமே சாற்றுக்குப் பொன்னிறம் தரும். காரட், செலரித் தண்டு, பார்ஸ்லி வேர், இனிப்பான வெள்ளைக் கிழங்காகிய பார்ஸ்னிப் ஆகியவையும் உப்பும் மிளகும் உடன் சேரும். இவ்வளவே. அதன்மேல் கைதேர்ச்சி எல்லாம் தீயை அடக்குவதில் இருக்கிறது. சாறு கொதித்துப் புரளலாகாது. ஓரத்தில் ஒரு குமிழி, நடுவில் ஒரு குமிழி என்று முகிழ்த்தால் போதும். புரண்டால் கலங்கிவிடும். இங்ஙனம் இரண்டரை மணி, மூன்று மணி நேரம் செல்லும். இறக்குவதற்குச் சற்று முன் சதகுப்பைக் கீரை ஒரு கைப்பிடி. மும்பைச் சந்தையில் 'ஷேபு' என்று விற்பது இதுவே. பின்னர் வடிகட்டுவர்.

மேலே படியும் கொழுப்பு வீணாவதில்லை. குளிர்ந்தபின் தகடுபோல் எடுத்து வைப்பர். தோலையும் கொழுப்பையும் சிறு துண்டுகளாக்கி வெங்காயத்தோடு உருக்கினால், ஷ்மால்ட்ஸ் ஒருபுறமும் மொறுமொறுப்பான 'கிரிபெனெஸ்' ஒருபுறமும் கிடைக்கும். பின்னது சமையற்கட்டைச் சுற்றும் பிள்ளைகளின் பங்கு. கோழியின் வயிற்றில் ஓடு கட்டாத முட்டைக் கரு இருப்பின் அதுவும் சாற்றில் வேகும். அது யாருக்கு என்னும் வழக்கைத் தீர்க்க ரபியாலும் இயலாது. முட்டையும் மாவும் பிசைந்து, காகிதம்போல் தேய்த்து, துணியில் உலர்த்தி, மயிரென நறுக்கிய சேமியாவுக்கு 'லோக்ஷன்' என்று பெயர். அதனைத் தனியே வேகவைத்துக் கிண்ணத்திலிட்டு, மேலே சாறு ஊற்றுவர். சாற்றிலேயே வேகவைத்தால் தெளிவு போய்விடும்.

பண்டிகைக்குப் பண்டிகை சாற்றில் மிதப்பது மாறும். பாவ மன்னிப்பு நாளாகிய யோம் கிப்பூருக்கு முந்திய நாள் பல இல்லங்களிற் கோழி ஒன்றைத் தலைக்கு மேல் சுற்றி அறுத்து ஏழைகட்கு ஈயும் வழக்கம் இருந்தது. இன்றும் சிலரிடம் உண்டு. அன்று கோழி எங்கும் கிடைக்கும். நோன்பு தொடங்குமுன் உண்ணும் சாற்றில், ஊன் பொதிந்த மூலைக் கொழுக்கட்டையாகிய 'கிரெப்லக்' மிதக்கும். பஸ்கா நாட்களில் புளித்த மாவு எதுவும் வீட்டில் இருத்தலாகாது. ஆகவே புளியாத ரொட்டியாகிய மாட்ஸாவை இடித்து, முட்டையும் ஷ்மால்ட்ஸும் சேர்த்துப் பிசைந்து, ஊறவிட்டு, நனைத்த கையால் நெல்லியளவு உருட்டி வேகவைப்பர், வெந்தால் இருமடங்காகும். இதற்குக் 'க்னேய்ட்லக்' என்று பெயர். பஞ்சுபோல் மிதப்பதே சிறந்தது என்பார் ஒரு சாரார். கல்போல் அடியில் தங்குவதே சிறந்தது என்பார் மற்றொரு சாரார். ஹசிதியர் என்னும் பத்திநெறியினரோ மாட்ஸா நனைதலே கூடாதென்று, எட்டாம் நாள் வரை இவ்வுருண்டையைத் தொடமாட்டார்கள். மணநாளில் மணமக்கள் நோன்பிருந்து, சடங்கு முடிந்ததும் முதலில் அருந்துவதும் இப்பொற்சாறே.

வேறு நாட்டு யூதர் வேறு சாறு வைத்தனர். ஏமன் நாட்டு யூதரின் வெள்ளிக்கிழமைச் சாற்றில் மஞ்சள், மிளகு, சீரகம், ஏலம் கலந்த 'ஹவாயிஜ்' பொடி சேரும். நம் மிளகு ரசத்தை அறிந்தவர்க்கு அதன் மணம் அயலாகத் தோன்றாது. அம்மிளகு பழங்காலத்தில் நம் மலையாளக் கரையிலிருந்தே ஏதன் துறைக்குச் சென்றது. 1949, 1950ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 49,000 ஏமன் யூதர் வானூர்திகளில் இஸ்ரேல் சென்றனர். அப்பொடியும் உடன் சென்றது. கல்கத்தாவிற் குடியேறிய பாக்தாத் மரபினர் இஞ்சியும் மஞ்சளும் இட்டு 'மராக்' என்னும் கோழிச்சாறு வைத்தனர்.

நம் மும்பையில் 1796இல் சாமுவேல் திவேகர் கட்டிய பெனே இஸ்ரேல் தொழுகைக் கூடம் மாண்ட்வியில் இருக்கிறது. அருகே சாமுவேல் தெருவும் உண்டு. இம்மக்களும் கொச்சி யூதரும் பாலை ஊனோடு சேர்க்கலாகாது என்னும் விலக்கைத் தேங்காய்ப்பாலைக் கொண்டு நிறைவேற்றினர். வெண்ணிறமும் கொழுமையும் உண்டு, விலக்கும் இல்லை. அஷ்கெனாசியர் பால் இல்லாமலே சாறு வைக்கக் கற்றனர். இவர்களுக்கோ தென்னை பால் சொரிந்தது. 1948க்குப் பின்னர் இவர்களிற் பெரும்பாலோர் இஸ்ரேல் சென்றனர். அங்கே இவர்கள் யூதர்தாமா என்று மணவினைத் தலைவர்கள் ஐயுற்ற காலமும் ஒன்றிருந்தது. 1964இல் அவ்வையம் நீக்கப்பட்டது. வேதம் ஓதும் மொழியையே மறந்திருந்த நூற்றாண்டுகளிலும் ஓய்வுநாளையும் உணவு விலக்கையும் விடாது காத்தவர்களை நோக்கி எழுந்த வினா அது என்பதை எண்ணுந்தோறும் நமக்கு வருத்தமே உண்டாகிறது.

மீண்டும் கிழக்கு ஐரோப்பாவுக்கு வருவோம். 1881இல் ருஷ்யப் பேரரசன் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதை அடுத்து யூதர்மீது கலவரங்கள் மூண்டன. அன்று தொடங்கி, 1924இல் அமெரிக்கா தன் கதவைச் சட்டத்தால் அடைக்குமளவும், இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர் கடல் கடந்து அங்கே சென்றனர். நியூயார்க்கின் நெருக்கமான குடியிருப்புகளிலும் வெள்ளிக்கிழமைப் பானை அடுப்பேறியது. ஆனால் வணிகரும் உடன் வந்துவிட்டனர். 1888இல் சின்சினாட்டி நகரில் மானிஷெவிட்ஸ் என்பார் தொடங்கிய தொழிற்சாலை பின்னர் மாட்ஸாவை இயந்திரத்தில் செய்து குவித்தது. 1911இல் வெளிவந்த கிரிஸ்கோ என்னும் தாவரக் கொழுப்பு, ஊனோடும் பாலோடும் சேரத் தக்கது என்பதால், யூதர் நாலாயிரம் ஆண்டு காத்திருந்த பொருள் இதுவே என விளம்பரம் செய்யப்பட்டது. வனஸ்பதியின் வரவை அறிந்த நமக்கு நகை தோன்றுகிறது. 1934இல் காம்பெல் நிறுவனத்தின் சேமியாக் கோழிச்சாறு தகரக் குவளையில் வந்தது. ஷ்மால்ட்ஸ் உருக்கும் பாட்டிமார் குறைந்தனர்.

அமெரிக்கா செல்லாதவர் நிலை வேறு. 1939 முதல் 1945 வரை நாஜிகள் அறுபது இலட்சம் யூதரைக் கொன்றனர். அவர்களோடு எழுதப்படாத சமையலும் மாண்டது. செக் நாட்டுத் தெரேசியன்ஸ்டாட் முகாமில் பட்டினி கிடந்த பெண்கள் தம் வீட்டுச் சமையலை ஒருவர்க்கொருவர் சொல்லி, கிடைத்த துண்டுத் தாள்களில் எழுதினர். உருண்டைகளும் இனிப்பு வகைகளும் அதில் உள்ளன. பசியால் தடுமாறிய நினைவாதலின் சில குறிப்புகளில் ஒரு பொருள் விடுபட்டிருக்கும். சிலவற்றில் ஒரு படியே இராது. அவற்றைத் தொகுத்து வைத்த மீனா பெஹ்டர் என்னும் மூதாட்டி 1944இல் யோம் கிப்பூர் நாளன்று அம்முகாமிலே இறந்தார். இறக்குமுன், தம் மகளிடம் சேர்க்குமாறு அதனை ஒரு நண்பரிடம் ஒப்படைத்திருந்தார். கை மாறிக் கை மாறி ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்து அது நியூயார்க்கில் மகள் கையை அடைந்தது. 1996இல் நூலாக அச்சேறியது. அதைச் சமையல் நூலென்று சமையலறையில் வைப்பதா, பூசையறையில் வைப்பதா என்று நமக்குத் தோன்றவில்லை.

1928இல் கண்டறியப்பட்ட பெனிசிலின் மருந்து உலகெங்கும் பரவிய பின்னர், கோழிச்சாற்றுக்கு 'யூதரின் பெனிசிலின்' என்று வேடிக்கைப் பெயர் வந்தது. வேடிக்கையை ஆய்வாளர் சோதித்தும் பார்த்தனர். 1978இல் மயாமி கடற்கரை மருத்துவமனை ஒன்றில், வெந்நீரைக் காட்டிலும் சூடான கோழிச்சாறு மூக்கின் சளியை விரைந்து நகர்த்துவது அளந்தறியப்பட்டது. பயன் அரைமணி நேரத்துக்குள் அடங்கிவிட்டது. 2000இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்து மருத்துவர் ஸ்டீபன் ரென்னார்ட், வீக்கம் உண்டாக்கும் வெள்ளணுக்களின் ஓட்டத்தைச் சாறு தடுப்பதை ஆய்வுக் குழாயிற் கண்டு வெளியிட்டார். கடையிற் விற்கும் சாறுகளிற் பலவும் ஓரளவு அவ்வாறே செய்தன என்பதையும் அவர் மறைக்கவில்லை. நோயாளிகளிடம் மெய்ப்பிக்கப்பட்டதன்று, ஆதலின் காய்ச்சலுக்கு மருத்துவரை விடுத்துப் பானையை நம்ப வேண்டா.

அவர் சோதித்த சாறு தம் மனைவியின் பாட்டியார் லித்துவேனியாவிலிருந்து கொண்டுவந்த முறைப்படி வீட்டில் வைத்தது. நெஞ்சு நோய் மருத்துவர்க்கான இதழில் அம்முறையும் அச்சாயிற்று: முதிய பெட்டை ஒன்று, சிறகுகள் ஒரு பொட்டலம், பெரிய வெங்காயம் மூன்று, பார்ஸ்னிப் மூன்று, டர்னிப் இரண்டு, காரட் பதினொன்றோ பன்னிரண்டோ, செலரித் தண்டு ஐந்தாறு, பார்ஸ்லி ஒரு கட்டு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்று. லித்துவேனியாவின் குளிர் மண்ணில் சர்க்கரைவள்ளி விளைவதில்லை. அக்கிழங்கு அமெரிக்கச் சந்தையிலிருந்துதான் அப்பானைக்குள் வந்திருக்க வேண்டும்.